கிணற்றில் தொடங்கும் பாடம், குழாய் வந்து முடியும் ஊர்

வடசென்னையின் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் பங்குகளில் ஏறத்தாழ 15 விழுக்காடு இன்றும் ஈரான் அரசு எண்ணெய் நிறுவனத்தின் கிளையான நாஃப்டிரானிடம் இருக்கிறது என்று சொன்னால், திருவொற்றியூர் மொட்டைமாடிகளிலிருந்து இரவில் அந்த ஆலையின் தீச்சுடரைப் பார்த்தே வளர்ந்தவர்களில் பலர் நம்பத் தயங்குவார்கள். 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் நிறுவனம் பதிவானபோது இந்திய அரசுக்கு 74 விழுக்காடும், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13 விழுக்காடும், ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13 விழுக்காடும் பங்கு இருந்தது. ஈரானின் டேரியஸ் வயலில் எடுக்கப்படும் கச்சா எண்ணெயைக் கருத்தில் கொண்டே ஆலை வடிவமைக்கப்பட்டது. 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு ஓடத் தொடங்கி, இப்போது 105 லட்சம் டன் திறனுக்கு வளர்ந்திருக்கிறது. 1985இல் அமோகோ விலகியது, ஈரான் விலகவில்லை.

எரிசக்தி வணிகமும் எண்ணெய், எரிவாயுச் சட்டமும் பல்கலைக்கழகத்தில் தனிப் படிப்பாக ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்தப் பங்குப் பட்டியலே போதுமான விடை. முதலீடு ஒரு நாட்டிலிருந்தும், தொழில்நுட்பம் இன்னொரு நாட்டிலிருந்தும், கச்சாப் பொருள் மூன்றாவது நாட்டிலிருந்தும் வருகிற ஓர் ஆலையில், பங்குதாரர் உடன்படிக்கையைப் படிக்காமல் கொள்முதல் ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ள முடியாது. இரண்டையும் படித்தாலும், ஒரு பங்குதாரர் மீது வெளிநாட்டுத் தடை விழும்போது அவருக்குரிய ஈவுத்தொகையை எந்த வங்கி வழியாக, எந்த நாணயத்தில் அனுப்புவது என்ற கேள்விக்குப் பன்னாட்டுச் சட்டத்தைத் தேடிப் போக வேண்டும். நிறுவனச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், வரிச் சட்டம், கடல் சட்டம், சுற்றுச்சூழல் சட்டம் என்று நம் சட்டக் கல்லூரிகளில் தனித்தனி வகுப்புகளில் நடத்தப்படுபவை ஒரே பீப்பாய்க்குள் வந்து கலப்பதுதான் இந்தத் துறையின் இயல்பு.

அப்படிக் கலப்பதைக் கண்டு முதலில் தனித் துறையாக்கியவற்றில் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகம் முக்கியமானது. வடகடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய பத்தாண்டான 1970களில், 1977இல், பெட்ரோலியச் சட்டத்துக்கென ஒரு மையம் அங்கே தொடங்கப்பட்டது. வடகடல் எண்ணெய்த் தொழிலின் தலைநகரான அபர்டீனிலும், டெக்சாஸின் ஹூஸ்டனிலும் இதே துறையில் முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன. இந்தியாவில் இது தாமதமாகவே வந்தது. 2003இல் டேராடூனில் நிறுவப்பட்ட பெட்ரோலிய, எரிசக்திப் பல்கலைக்கழகம் எண்ணெய், எரிவாயு மேலாண்மையில் எம்.பி.ஏ. படிப்பையும், பிறகு எரிசக்திச் சட்டத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட சட்டப் படிப்பையும் கொண்டுவந்தது. காந்திநகரில் 2007இல் ஒரு பெட்ரோலியப் பல்கலைக்கழகமும், உத்தரப் பிரதேசத்தின் ஜாயஸில் ராஜீவ் காந்தி பெட்ரோலியத் தொழில்நுட்ப நிறுவனமும், 2016இல் விசாகப்பட்டினத்தில் இன்னொரு மத்திய நிறுவனமும் எழுந்தன. கடைசி இரண்டும் பெரும்பாலும் பொறியியலுக்கும் நிர்வாகத்துக்கும் உரியவை. வடசென்னையிலிருந்து சட்டம் படிக்கப் போகும் பிள்ளைகளில் பலர் சேரும் அரசு சட்டக் கல்லூரியோ, 2018இல் பாரிமுனையை விட்டுப் பட்டறைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பெயர்ந்துவிட்டது. துறைமுகத்துக்கு எதிரே நின்றுகொண்டு கப்பல் சட்டம் படித்த காலம் போயிற்று.

நான் பார்த்த பாடத்திட்டங்களில் பெரும்பாலானவை கிணற்றிலிருந்துதான் தொடங்குகின்றன. எண்ணெய் யாருக்குச் சொந்தம், தேடும் உரிமம் எப்படிக் கிடைக்கும், லாபம் எப்படிப் பங்கிடப்படும் என்பவை முதல் பருவத்தை நிரப்புகின்றன. குழாய், சேமிப்புத் தொட்டி, டேங்கர் லாரி, கசிவு, இழப்பீடு ஆகியவை கடைசிப் பருவத்தின் கடைசி வாரங்களுக்குத் தள்ளப்படுகின்றன. டண்டீயிலும் ஹூஸ்டனிலும் அது சரி, ஏனென்றால் அங்கே கிணறு இருக்கிறது. ஆனால் தண்டையார்பேட்டையிலும் மணலியிலும் எண்ணூரிலும் இருப்பது குழாயும் தொட்டியும் ஜெட்டியும்தான். எனவே இப்பகுதி மாணவர் இந்தப் படிப்பைப் பின்பக்கத்திலிருந்து புரட்டிப் படிக்க வேண்டியவராகிறார். அப்படிப் புரட்டுவதற்கும் முன்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முன்பக்கத்தில் இருப்பது உடைமை. அமெரிக்காவில் நிலத்துக்குச் சொந்தக்காரரே அடியில் இருக்கும் எண்ணெய்க்கும் சொந்தக்காரர். ஆனால் எண்ணெய் ஓரிடத்தில் நிற்காமல் அடுத்தவர் நிலத்துக்கும் நகரக்கூடியது என்பதால், 1889இல் பென்சில்வேனியா நீதிமன்றம் அதையும் எரிவாயுவையும் காட்டு விலங்குக்கு ஒப்பிட்டது. யார் நிலத்தில் பிடிபடுகிறதோ அவருக்கே மான் சொந்தம் என்பதுபோல, யார் கிணற்றில் மேலே வருகிறதோ அவருக்கே எண்ணெய் சொந்தம். இந்த ஒப்புமையின் விளைவாக ஒவ்வொரு நிலக்காரரும் பக்கத்து நிலக்காரரை முந்திக்கொண்டு துளையிட்டார்கள் என்பதும், பிறகு ஒரே தேக்கத்தின் மேல் இருப்பவர்கள் கூட்டாகத்தான் எடுக்க வேண்டும் என்று விதி செய்ய நேர்ந்தது என்பதும் சட்ட வரலாற்றில் சுவையான பகுதி. பழங்கதை என்று இதை ஒதுக்க முடியாது. கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் ஓஎன்ஜிசி வட்டாரத்திலிருந்த எரிவாயு பக்கத்திலிருந்த ரிலையன்ஸ் வட்டாரத்துக்கு நகர்ந்து எடுக்கப்பட்டதா என்ற வழக்கில், நடுவர் மன்றம் 2018இல் ரிலையன்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 1889இன் மான் வங்கக் கடலுக்கு அடியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தியாவின் விடை வேறு. அரசமைப்புச் சட்டத்தின் 297ஆம் பிரிவின்படி கடலுக்கடியிலுள்ள கனிமங்கள் அனைத்தும் மத்திய அரசிடம் சேர்கின்றன. மத்தியப் பட்டியலின் 53ஆம் இனத்தின்படி எண்ணெய் வயல்களையும் பெட்ரோலியப் பொருள்களையும் முறைப்படுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உரியது. எரிவாயுவும் அதில் அடங்குமா என்ற ஐயத்தைக் குஜராத் கிளப்பியது. அம்மாநிலம் 2001இல் தனக்கென்று ஓர் எரிவாயுச் சட்டம் இயற்றியது. திரவமாக்கப்பட்ட இயற்கை எரிவாயு உட்பட அனைத்தும் 53ஆம் இனத்துக்குள்தான் வருகின்றன, மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சொல்லிவிட்டது. அப்படியானால் 2020இல் தமிழ்நாடு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து, புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலைத் தடுத்தது எப்படி? மாநிலம் எண்ணெயைப் பற்றிச் சட்டம் இயற்றவில்லை, வேளாண் நிலத்தைப் பற்றி இயற்றியது என்பதே அதற்கான வாதம். தவிர, நிலப்பரப்பில் துரப்பணக் குத்தகையை மத்திய அரசின் ஒப்புதலோடு வழங்குவதும், அதற்கான உரிமப் பங்கான ராயல்டியைப் பெறுவதும் மாநில அரசுதான். எந்தச் சட்டத்தைத் தொடாமல் எந்தச் சட்டத்தை எழுதினால் நினைத்தது நடக்கும் என்பதைக் கற்றுத்தர இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் கிடைக்காது.

தேடல் ஒப்பந்தங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1990களின் இறுதியில் வந்த கொள்கையில், செலவை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் லாபத்தை அரசும் நிறுவனமும் பங்கிட்டுக்கொண்டன. நிறுவனம் செலவை ஊதிக்காட்டுகிறதா என்ற சண்டை ஓயாததால், 2016இல் வருவாயிலிருந்தே நேரடியாகப் பங்கு என்று மாற்றப்பட்டது. அம்பானி சகோதரர்கள் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், குடும்பத்துக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை எரிவாயுவின் விலையையும் பங்கீட்டையும் கட்டுப்படுத்தாது, அரசோடு செய்த பங்கீட்டு ஒப்பந்தமும் அரசின் கொள்கையுமே கட்டுப்படுத்தும் என்றது. பழைய அடிப்படைச் சட்டமான 1948இன் எண்ணெய் வயல்கள் சட்டமும் 2025இல் திருத்தப்பட்டு, சுரங்கத் தொழிலிலிருந்து பெட்ரோலியம் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தேர்வுக்கு இவை கட்டாயம் வரும். ஆனால் கத்திவாக்கத்தில் வீடு வைத்திருப்பவருக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை.

அவருக்கு வேண்டியது 1962ஆம் ஆண்டின் குழாய்ச் சட்டம். நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பதுபோல இங்கே நிலம் எடுக்கப்படுவதில்லை. நிலம் உரியவர் பெயரிலேயே இருக்கும். அதன் அடியில் குழாய் பதித்துப் பயன்படுத்தும் உரிமை மட்டும் அரசுக்கு, அதன் வழியாக நிறுவனத்துக்குப் போகும். அரசிதழில் முதல் அறிவிப்பு வெளியானதிலிருந்து 21 நாள்களுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு வரும் அறிவிப்போடு உரிமை மாறிவிடும். அதற்குப்பின் அந்தத் துண்டில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. இழப்பீடாக, பயிருக்கும் பிறவற்றுக்கும் நேர்ந்த சேதத்தோடு, முதல் அறிவிப்பு நாளில் அந்தத் துண்டுக்கு இருந்த சந்தை மதிப்பில் 10 விழுக்காடு கிடைக்கும். பட்டாவில் பெயர் இருக்க, நிலத்தில் வீடு கட்ட முடியாமல் இருப்பவரிடம் இது உடைமையா, உடைமையின் நிழலா என்று கேட்டால் சட்டப் பேராசிரியரைவிடத் தெளிவான பதில் வரும்.

இந்தச் சட்டத்தின் வலிமை தமிழ்நாட்டில் ஒருமுறை நேரடியாகச் சோதிக்கப்பட்டது. கொங்கு மண்டலத்தின் 7 மாவட்டங்கள் வழியாக எரிவாயுக் குழாய் போட வந்தபோது, விளைநிலத்தை விட்டுவிட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி மாநில அரசு சொன்னது. 2013இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2016இல் உச்ச நீதிமன்றமும் குழாய் வழித்தடம் மத்தியச் சட்டத்தின் எல்லைக்குள் இருப்பது, மாநிலம் அதை மாற்றச் சொல்ல முடியாது என்றன. வடசென்னையில் நிலைமை இன்னும் சிக்கலானது. விளைநிலத்தில் குழாய் வருமுன் நிலம் காலியாக இருந்தது. சென்னைத் துறைமுகத்திலிருந்து தண்டையார்பேட்டை தொட்டிகளுக்கும் மணலிக்கும் போன குழாய்களைச் சுற்றிலும், மேலேயும்கூட, தெருக்கள் அடர்ந்துவிட்டன. 2013இல் தண்டையார்பேட்டைத் தெருக்களில் அடிகுழாய்த் தண்ணீரோடு எண்ணெய் வந்தபோது, நிலத்தடியில் போன குழாய் ஒன்றின் கசிவுதான் காரணம் என்று தெரிந்தது. குழாய் முன்னால் வந்ததா, குடியிருப்பு முன்னால் வந்ததா என்ற கேள்வியைச் சட்டம் ஒருவிதமாகவும் தெரு வேறுவிதமாகவும் கேட்கிறது.

தொட்டிகளுக்கு வேறு சட்டம். 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும் அதன் விதிகளும், எந்த வெப்பநிலையில் ஆவி தீப்பற்றும் என்பதை வைத்து எண்ணெயை வகைப்படுத்துகின்றன. 23 பாகை செல்சியசுக்குக் கீழே தீப்பற்றும் பெட்ரோல் முதல் வகை. 23க்கும் 65க்கும் இடையில் பற்றும் மண்ணெண்ணெயும் டீசலும் இரண்டாம் வகை. 65க்கும் 93க்கும் இடைப்பட்ட உலை எண்ணெய் போன்றவை மூன்றாம் வகை. இரண்டு தொட்டிகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி, சுற்றுச் சுவர் எவ்வளவு உயரம், எவ்வளவு அளவுக்கு மேல் உரிமம் வேண்டும் என்பவையெல்லாம் இந்த வகைப்பாட்டைப் பொறுத்தவை. எம்.பி.ஏ. மாணவரும் சட்ட மாணவரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று, ஏனென்றால் காலி நிலத்தின் விலையும் பாதுகாப்பு இடைவெளியும் ஒன்றோடொன்று மோதுவது இங்கேதான்.

வணிகப் பக்கத்தில் நான் மாணவருக்கு முதலில் காட்ட விரும்புவது எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019 மார்ச்சில் திறக்கப்பட்ட எரிவாயு முனையத்தை. ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறனுள்ளது. குழாயில் எங்கிருந்தோ வருகிற எரிவாயு அல்ல இது. சுழியத்துக்குக் கீழே 162 பாகைக்குக் குளிர்விக்கப்பட்டு, கன அளவு ஏறத்தாழ 600இல் ஒரு பங்காகச் சுருங்கிக் கப்பலில் வருவது. மணலியின் உர ஆலைக்கும் சுத்திகரிப்பு ஆலைக்கும் இங்கிருந்து எரிவாயு போகிறது. இப்படிப்பட்ட முனையத்தையும் அதற்கான கப்பலையும் கட்டக் கடன் கொடுக்கும் வங்கி, வாங்குபவர் இருபது ஆண்டுக்கு நிச்சயம் வாங்குவார் என்ற உறுதியைக் கேட்கும். அதனால்தான் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கட்டு என்ற நிபந்தனை இந்தத் தொழிலில் பிறந்தது. நம்மூரில் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டுத் தேதி மாறினாலும் பணம் திரும்பாததைப் போன்றதே அது, தொகைதான் வேறு. இந்தியாவுக்கு இந்த எரிவாயுவை இறக்குமதி செய்யும் பெட்ரோநெட் நிறுவனம், கத்தாரின் எரிவாயு நிறுவனமான ராஸ்காஸோடு 1999இல் 25 ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 75 லட்சம் டன் என்று கையெழுத்திட்டது. விலை நீண்ட கால எண்ணெய் விலைச் சராசரியோடு பிணைக்கப்பட்டிருந்தது. 2014இன் பிற்பாதியில் உலகச் சந்தையில் விலை சரிந்தபோது ஒப்பந்த விலை மட்டும் உயரத்திலேயே நின்றதால் இந்தியா குறைவாக எடுத்தது. ஒப்பந்தப்படி பெருந்தண்டம் கட்ட வேண்டிய நிலை. 2015 டிசம்பர் இறுதியில் இரு தரப்பும் உட்கார்ந்து விலைச் சூத்திரத்தை மாற்றின, தண்டமும் விடப்பட்டது. கத்தார் ஏன் விட்டுக்கொடுத்தது? வழக்கில் வென்றால் ஒருமுறை பணம் கிடைக்கும், வாடிக்கையாளர் நிலைத்தால் இன்னும் பல ஆண்டு கிடைக்கும். 2024இல் அதே தரப்புகள் 2028 முதல் 2048 வரை அதே 75 லட்சம் டன்னுக்கு மறுபடி ஒப்பந்தமிட்டன. சட்டம் படித்தவர் தண்டப் பிரிவை வாசிப்பார், வணிகம் படித்தவர் வாடிக்கையாளரை வாசிப்பார். இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவரே இந்தப் பேச்சுவார்த்தை மேசைக்கு உரியவர்.

முனையத்திலிருந்து வெளியே வரும் எரிவாயுவை யார் எந்தக் கட்டணத்தில் எந்த ஊருக்குக் கொண்டுபோகலாம் என்பதை, 2006இன் சட்டப்படி அமைந்த பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் பார்க்கிறது. நகரெங்கும் வீட்டு இணைப்புக் கொடுக்க ஏலத்தில் உரிமம் வழங்குவதும் அதுவே. ஆனாலும் நகர எரிவாயு நிறுவனம் தன் வாடிக்கையாளரிடம் வாங்கும் குழாய் வலைப்பின்னல் கட்டணத்தையும், எரிவாயுவை அழுத்தி நிரப்புவதற்கான அமுக்கக் கட்டணத்தையும் நிர்ணயிக்கும் அதிகாரத்தைச் சட்டம் வாரியத்துக்குத் தரவில்லை என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்கட்டணத்துக்கு ஆணையத்தின் முன் பொது விசாரணை நடந்து பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இது விந்தையாகத் தெரியலாம். வரியிலும் இத்தகைய விந்தை உண்டு: கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு ஆகிய ஐந்தும் சரக்கு, சேவை வரிக்குள் எப்போது வர வேண்டும் என்பதை ஜிஎஸ்டி மன்றத்தின் பரிந்துரைக்கு அரசமைப்பே விட்டுவைத்திருக்கிறது. அந்தப் பரிந்துரை வரும்வரை, எரிவாயுவுக்கு மதிப்புக் கூட்டு வரி கட்டி வாங்கும் தொழிற்சாலை அதை ஜிஎஸ்டி கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது.

கடைசி வாரங்களுக்குத் தள்ளப்படும் பொறுப்பு, இழப்பீடு என்ற பகுதிதான் எண்ணூருக்கு முதல் பாடம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கன எண்ணெய் கடலில் கலந்து, திருவொற்றியூர் கரையில் வாளியும் கையுமாக ஆட்கள் அதை அள்ளிய காட்சியை இங்கே யாரும் மறக்கவில்லை. கப்பலிலிருந்து வரும் எண்ணெய்க்குப் பன்னாட்டு உடன்படிக்கைகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பது கப்பலின் வகையையும், கசிந்த எண்ணெயின் வகையையும், அது சரக்கா எரிபொருளா என்பதையும் பொறுத்தது. கப்பல் உரிமையாளர் தவறு செய்தார் என்று மீனவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அதற்கு விலையாக, உரிமையாளரின் பொறுப்புக்குக் கப்பலின் கொள்ளளவை வைத்து ஓர் உச்சவரம்பு உண்டு.

2023 டிசம்பரில் நடந்தது வேறு வகை, அந்த எண்ணெய் கப்பலிலிருந்து அல்ல, கரையிலிருந்து வந்தது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போய், வலையிலும் படகிலும் அலையாத்தி மரங்களின் வேரிலும் ஒட்டிக்கொண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. இதுபோன்ற வழக்கில் தொழில் தரப்பு இயல்பாகவே வைக்கக்கூடிய வாதம், மழை எங்கள் கையில் இல்லை என்பது. இங்கிலாந்தின் 1868ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து வளர்ந்த பழைய விதி, ஆபத்தான பொருளை வைத்திருப்பவர் அது தப்பினால் பொறுப்பாளி என்று சொல்லிவிட்டு, இயற்கைச் சீற்றத்துக்கு விலக்கும் கொடுத்தது. டெல்லியில் ஓலியம் வாயு கசிந்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், போபாலின் நினைவு ஆறாத நேரத்தில், அந்த விலக்குகள் எதுவும் ஆபத்தான தொழில் நடத்துபவருக்குக் கிடையாது என்று முழுப் பொறுப்பை வகுத்தது. 2010இன் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், விபத்துக்கான இழப்பீட்டில் தவறு யாருடையது என்று பார்க்க வேண்டாம் என்கிறது. ஆக, மழையைச் சொல்லிப் பொறுப்பிலிருந்து தப்புவது எளிதல்ல. உண்மையான சண்டை தொகையில்தான். நாள்தோறும் ரொக்கத்துக்கு இறாலையும் நண்டையும் விற்று, ரசீதே பார்த்திராத ஒருவர் தன் ஒருநாள் வருமானத்தை எந்தத் தாளால் காட்டுவார்? கூட்டுறவுச் சங்கப் பதிவு, படகுப் பதிவு, ஏலக்காரரின் குறிப்பேடு ஆகியவற்றை வைத்து அந்தக் கணக்கைக் கட்டுவது எப்படி என்பதை ஒரு முழுத் தாளாக நடத்தும் பாடத்திட்டம் எதையும் நான் பார்த்ததில்லை.

சேர்வதற்கு யோசிப்பவரிடம் நான் கேட்கச் சொல்வதும் அதைத்தான். வெளியூர்ப் பல்கலைக்கழகத்தின் எரிசக்திச் சட்டப் படிப்புக்கு லட்சங்களில் கட்டணம் கட்டுமுன், தேடல் ஒப்பந்தங்களுக்கு எத்தனை வகுப்பு, குழாய்ச் சட்டத்துக்கும் கப்பல் தாமதக் கட்டணத்துக்கும் இழப்பீட்டுக்கும் எத்தனை வகுப்பு என்று பாடத்திட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். எண்ணெய்த் தேடும் நிறுவனங்களில் சட்டப் பிரிவு சிறியது. சுத்திகரிப்பு, முனையம், காப்பீடு, கப்பல் முகவர், நகர எரிவாயு ஆகியவற்றில் வேலை பரவிக் கிடக்கிறது, அவற்றில் பெரும்பகுதி ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையிலேயே இருக்கிறது. சாதாரண மூன்றாண்டுச் சட்டப் படிப்பை முடித்தவரும் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் இரண்டு பிரிவுகளை மட்டும் துல்லியமாகப் படித்துவிட்டு முகத்துவாரக் குப்பத்துக்குப் போனால் அவருக்கு வேலை காத்திருக்கிறது. 14ஆம் பிரிவின் கீழ்ச் சுற்றுச்சூழல் சர்ச்சை எழுப்ப ஆறு மாதம்தான் காலவரம்பு. 15ஆம் பிரிவின் கீழ் இழப்பீடு கோர, காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு உண்டு, போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள். 2023 டிசம்பரில் வலை கறுத்தவருக்கு அந்த ஐந்து ஆண்டு 2028 டிசம்பரில் முடிகிறது.